நிலக்கரி தீர்ந்தால் துப்பாக்கி வெறும் தடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சதுரங்க ஆட்டங்களை நகர்வு நகர்வாக அச்சிட்டு, எந்த இடத்தில் ஆட்டம் கைமாறியது என்று விளக்கும் வழக்கம் பத்திரிகைகளுக்கு நெடுநாளாக உண்டு. கணினியில் ஆடும் வியூக விளையாட்டுகளுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அவற்றைப் பற்றி ஏதாவது வந்தால் ஒன்று, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்ற கவலை. இல்லாவிட்டால், காட்சிகள் கண்ணைப் பறிக்கின்றன என்ற பாராட்டு. ஆட்டம் எப்படி ஓடுகிறது, எங்கே கவிழ்கிறது, ஏன் கவிழ்கிறது என்பது அச்சில் ஏறுவதே இல்லை. அதை எப்படி எழுதலாம் என்று காட்ட ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்தருள வேண்டும். விவரம் இல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை.

கீவ் நகரத்து நிறுவனமான ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு உருவாக்கி, 2001-இல் வெளியான ‘கொசாக்ஸ்: யூரோப்பியன் வார்ஸ்’ என்ற விளையாட்டு அது. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பியப் போர்கள்தான் களம். இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், ஆஸ்திரியா, சுவீடன், போலந்து, ரஷ்யா, உக்ரைன், துருக்கி என 16 நாடுகள். ஒரே களத்தில் 8,000 உருவங்கள் வரை நடமாடலாம் என்பதுதான் அன்று அதன் பெருமையாகப் பேசப்பட்டது. அந்தப் பெருமையே புதிதாக ஆடுபவர்களுக்குப் பொறியாகவும் ஆகிவிட்டது. ஆள் அதிகம் இருந்தால் ஜெயிக்கலாம் என்று நினைத்துப் படைமுகாம்களை வரிசையாகக் கட்டி, வீரர்களைக் குவித்து, அனுப்பித் தோற்கிறார்கள். இந்த ஆட்டத்தில் தோல்வி கிடங்கில் தொடங்கிவிடுகிறது. களத்தில் தெரிவது அதன் கடைசிக் காட்சிதான்.

திரையின் மேல் ஆறு கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும்: உணவு, மரம், கல், தங்கம், இரும்பு, நிலக்கரி. மற்ற பல விளையாட்டுகளில் ஒரு வீரனை உருவாக்கும்போது செலவழித்தால் போதும், பிறகு அவன் இலவசம். இங்கே அப்படியில்லை. உயிரோடு இருக்கும் ஒவ்வொருவரும் சாப்பிடுகிறார்கள். துப்பாக்கி வீரன் சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பும் நிலக்கரியும் கழிகின்றன. பீரங்கிக்கும் கோபுரத்துக்கும் அதே கணக்கு. கூலிப்படைக்கும் போர்க்கப்பலுக்கும் தங்கம் போய்க்கொண்டே இருக்கும். உணவு தீர்ந்தால் ஆட்கள் பட்டினியால் சாகத் தொடங்குவார்கள். இரும்போ நிலக்கரியோ தீர்ந்தால், வரிசை குலையாமல் நிற்கும் துப்பாக்கி வீரர்கள் ஒரு குண்டும் சுடாமல் வெட்டுப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தங்கம் தீர்ந்தால் நடப்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. 196 பேர் கொண்ட ஐந்து அணிகள் இருந்தால் 980 துப்பாக்கிகள். எல்லாரும் ஒருமுறை சுட்டால் 980 குண்டு. ஒரு மோதலில் இருபது தடவை சுட்டால் 19,600 குண்டு. இதற்கு ஈடுகொடுக்கச் சுரங்கம் வேண்டும். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் இரும்பு, நிலக்கரி இருப்பு குறைவதே கண்ணில் படாது, யாரும் சுடவில்லையே. எனவே புதியவர்கள் எல்லா ஆட்களையும் தங்கச் சுரங்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். முதல் பெரிய மோதலில் அந்த இரண்டு எண்களும் சரசரவென்று இறங்கும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். அதற்குமேல் சுரங்கம் கட்டி, ஆள் அனுப்பி, முதல் கூடை வெளியே வருவதற்குள் போர் முடிந்துவிடும்.

தொடக்கத்தை இப்படிச் செய்தால் இந்த நிலை வராது. முதலில் நகர மண்டபம். அது எழுந்தவுடன் குடியானவர் பயிற்சியை இடைவிடாமல் ஓடவிட வேண்டும். உணவு இருக்கும்வரை அதை நிறுத்தக் கூடாது. அடுத்து மாவு ஆலை. வயல் ஆலையை ஒட்டித்தான் விளையும் என்பதால், சுற்றிலும் திறந்த தரை உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். காட்டை ஒட்டியோ சரிவை ஒட்டியோ வைத்தால் வயல் சுருங்கிவிடும். மரத்துக்கும் கல்லுக்கும் கிடங்கு தனி. காடும் பாறையும் அருகருகே இருந்தால் நடுவில் ஒன்று வைத்து இரண்டு வேலையையும் முடிக்கலாம். வெட்ட வெட்டக் காடு பின்வாங்கும், கிடங்கு நின்ற இடத்திலேயே நிற்கும், நடை நீளும். மரம் வெட்ட 30 பேர் இருந்தும் மரக் கணக்கு ஏறவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் இந்த நடைதான். இன்னொரு கிடங்கு கட்டினால் அந்த 30 பேரே போதும்.

வயலிலும் இதே போன்ற ஓட்டை ஒன்று உண்டு. கதிர் முற்றினால்தான் அறுக்கலாம். அறுத்த இடம் மறுபடி விளைய நேரம் பிடிக்கும். ஒரே ஆலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டே போனால் பாதிப்பேர் அரிவாளோடு சும்மா நிற்பார்கள். ஆளைக் கூட்டுவதை விட இரண்டாவது ஆலை கட்டுவது மேல். சுரங்கத்தில் முதலில் 5 பேர்தான் இறங்க முடியும். கூடுதல் ஆள் இறங்க அந்தந்தச் சுரங்கத்துக்கே விரிவாக்கம் வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் புதுச் சுரங்கத்துக்கு இடம் தேடி அலைவது தொடக்கக்காரர்களின் வழக்கம். நிலக்கரிக்கும் இரும்புக்கும் ஒவ்வொரு சுரங்கமாவது முதல் படைமுகாமுக்கு முன்பே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. சந்தையில் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். மாற்றலாம், ஆனால் ஒரே பொருளை வாங்க வாங்க அதன் விலை ஏறும். அவசரத்தில் நிலக்கரி வாங்குபவர் இரண்டு மடங்கு இழப்பார். கட்டடங்களிலும் இந்த ஏற்றம் உண்டு. ஒரே வகையில் அடுத்தடுத்துக் கட்டினால் ஒவ்வொன்றும் முந்தியதை விட விலை கூடும். ஆகவே மூன்றாவது படைமுகாமை எப்போது கட்டுவது என்பது சாதாரண முடிவல்ல.

படையை அணிவகுப்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முகாமிலிருந்து வரும் வீரர்கள் வாசலில் குவிந்து நிற்பார்கள். அது படையல்ல, கூட்டம். அதை அணியாக்க ஓர் அதிகாரியும் ஒரு முரசறைபவரும் வேண்டும். இருவரையும் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அதிகாரியைத் தேர்ந்தெடுத்தால், 36, 72, 120, 196 என்று அணி அளவுகள் கீழே தெரியும். போதிய ஆள் இருக்கும் அளவை அழுத்தியதும் குவியல் கலைந்து, ஒவ்வொருவரும் தன் இடத்துக்கு நடந்து வரிசை பிடிப்பார்கள். எல்லாரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். 20 ஈட்டி வீரரும் 16 துப்பாக்கி வீரரும் சேர்ந்தால் 36 என்று கணக்குப் போட்டால் பொத்தான் வேலை செய்யாது. அதிகாரி வந்தும் அணி அமையவில்லை என்று குழம்புபவர்களுக்கு இன்னொரு காரணம், முரசறைபவர் முகாமிலேயே நின்றுபோயிருப்பார். 36 பேர் அணிக்கு உண்மையில் 38 பேர் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

அணி அமைந்தபின் தாக்கும் வலுவும் தாங்கும் வலுவும் ஒவ்வொருவருக்கும் கூடுகின்றன. நின்ற இடத்திலேயே நில் என்ற கட்டளை கொடுத்தால் தாங்கும் வலு இன்னும் ஏறும். அணி நகர்ந்ததும் அது போய்விடும். எனவே எதிரி எதிரே தெரிந்தபின் இடம் மாற்றுவது பெரும் தவறு. வரிசை, நெடுவரிசை, சதுரம் என்று மூன்று வடிவங்கள். சுட வரிசை, நடக்க நெடுவரிசை, குதிரைப்படை நாலாபக்கமும் சூழ்ந்தால் சதுரம். 17-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கி வீரர்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் கைகலப்புக்கு ஆயுதம் கிடையாது. எதிரி துப்பாக்கியின் நீளத்துக்குள் வந்துவிட்டால் தீர்ந்தது. அவர்களுக்கு முன்னால் ஈட்டி அணி நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஈட்டியோ குதிரையோ வேண்டும். ஈட்டியும் துப்பாக்கியும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு கற்பனையல்ல. ஸ்பெயினின் டெர்சியோ படைகள் ஐரோப்பாவை நடுங்க வைத்தது இதே கூட்டால்தான்; அவை 1643 மே 19-இல் ரொக்ருவாவில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றது இன்றும் பேசப்படுகிறது.

பீரங்கிக்கு வருவோம். மேட்டில் ஏற்றினால் குண்டு தூரம் போகும், அதனால் எல்லாரும் மேட்டைத் தேடி ஓடுகிறார்கள். நான்கு பீரங்கியை மேட்டில் நிறுத்தி, காலாட்படை முழுவதையும் கீழே முன்னால் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? எதிரியின் குதிரைவீரர்கள் ஏழெட்டுப் பேர் மேட்டின் பின்புறமாகச் சுற்றிவந்தால் போதும். காவலில்லாத பீரங்கியை அவர்கள் உடைக்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் வந்தாலே அதன் கொடி நிறம் மாறி அவர்களுடையதாகிவிடும். அடுத்த குண்டு உங்கள் அணியின் முதுகில் விழும், அந்தக் குண்டின் செலவு மட்டும் எதிரியுடையது. 1631 செப்டம்பர் 17-இல் பிரைட்டன்பெல்டில் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் படை செய்தது இதைத்தான். புனித ரோமப் பேரரசின் படைத்தலைவர் டில்லியின் பீரங்கிகளைக் கைப்பற்றி, அவருடைய படை மீதே திருப்பிவிட்டது. ஒவ்வொரு பீரங்கி வரிசைக்குப் பின்னும் 36 ஈட்டி வீரர்களை நிறுத்திவையுங்கள். அவர்கள் ஆட்டம் முழுக்க ஒரு சண்டையும் போடாவிட்டாலும் வீணல்ல. கைவிட்டுப் போகும் என்று உறுதியானால், போகும் முன் நாமே அழித்துவிடுவதும் ஒரு வழி. குண்டின் பாதையில் நம் ஆள் நின்றாலும் அடிபடுவான் என்பதால், முன்னேறும் அணிக்கு நேர் பின்னால் பீரங்கி வைக்கவும் கூடாது. குடியானவர்களும் சுரங்கமும் இதே போலக் கைமாறும். உக்ரைன் குடியானவர்களை மட்டும் பிடிக்க முடியாது. அவர்கள் எதிர்த்து நிற்பார்கள்.

இப்போது தங்கம். தூதரக மையம் கட்டினால் கூலிப்படை கிடைக்கும். முகாமில் ஒரு வீரனைப் பயிற்றுவிக்கும் நேரத்தில் அங்கே பலர் வந்து நின்றுவிடுவார்கள். அவசரத்துக்கு அதைவிடச் சிறந்த உதவி இல்லை. ஆனால் அவர்கள் இருக்கும்வரை தங்கம் கரையும். கணக்கு பூஜ்யத்தைத் தொட்டால் கலகம்தான். உங்கள் ஊருக்குள் நிற்கும் குதிரைவீரர்கள் உங்கள் ஆட்களையே வெட்டுவார்கள், கடலில் உங்கள் போர்க்கப்பல்களும் எதிரியாகிவிடும். விளையாட்டுக்காகச் சேர்த்த மிகையென்று இதை நினைத்துவிடக் கூடாது. 1575-இல் ஸ்பெயின் அரசு கடனைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்தது. தன் ஆளுகையில் இருந்த நெதர்லாந்தில் போரிட்டுக்கொண்டிருந்த அதன் படைக்குச் சம்பளம் நின்றது. 1576 நவம்பரில் அந்தப் படையே ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடியது. ஐரோப்பாவின் பெரிய வணிக நகரங்களில் ஒன்று, தன் மன்னரின் படையாலேயே எரிந்தது. கூலிப்படையைத் தாக்குதலுக்கு அனுப்பிச் செலவழித்துவிட வேண்டும், காவலுக்கு நிறுத்திவைக்கக் கூடாது என்று தேர்ந்த ஆட்டக்காரர்கள் சொல்வது கொடூரமாகத் தோன்றலாம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஆட்டத்தின் நடுவில் நம் நாட்டை 18-ஆம் நூற்றாண்டுக்கு மாற்றுவது பெரிய செலவு. அதற்கு வேண்டிய கட்டடங்கள் நிற்க வேண்டும். மாறியபின் புதுப் படைமுகாமுக்குத் தனியாகப் பெருந்தொகை வேண்டும். கிடைப்பது பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் குத்துக்கத்தி, பொருத்திய துப்பாக்கி வீரன். அவன் சுடுவான், கிட்டே வந்தால் குத்துவான். ஈட்டி அணியின் காவல் அவனுக்குத் தேவையில்லை. இந்த ஒரே மாற்றத்தின் மதிப்பை அறிய 1689 ஜூலை 27-இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் நடந்ததைப் பார்க்கலாம். அன்றைய பயனெட் துப்பாக்கிக் குழாயின் வாயிலேயே செருகுவது. செருகினால் சுட முடியாது. அரசுப் படையினர் சுட்டுவிட்டுச் செருகுவதற்குள் ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்கள் வாளோடு வந்து விழுந்துவிட்டார்கள். குழாயைச் சுற்றி வளையமாக மாட்டும் பயனெட் பரவியபின் சுடுவதும் குத்துவதும் ஒரே கையில் சேர்ந்தன, ஈட்டி மறைந்தது. துருக்கி, அல்ஜீரியா, உக்ரைன் ஆகிய மூன்றுக்கும் விளையாட்டில் இந்த மாற்றமே கிடையாது. ஆகவே அவற்றை எடுத்தவர் எதிரி மாறுவதற்கு முன்பே அடிக்க வேண்டும். அமைதிக்காலம், அதாவது தொடக்கத்தில் யாரும் யாரையும் தாக்கக் கூடாத காலம், என்ற விதியை முன்னதாகவே நீளமாக வைத்துக்கொண்டு, இந்த மூன்றில் ஒன்றை எடுத்து ஆடுவது தோல்வியை எழுதிக் கொடுப்பது போல.

கடல் பற்றி ஒரு வார்த்தை: மீன்பிடி படகுகள் வயலின் சுமையைக் குறைக்கும், போர்க்கப்பல்கள் தங்கத்தைத் தின்னும். தீவுகள் இல்லாத களத்தில் மீனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த விளையாட்டை வரலாற்றுப் பாடம் என்று யாராவது எழுதினால் அதுவும் தவறாகிவிடும், அதன் குறைகளையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இதில் சுரங்கம் வற்றாது. படைக்கு மனம் தளராது; பக்கத்தில் பாதிப்பேர் விழுந்தாலும் மீதிப்பேர் ஓட மாட்டார்கள். மனவுறுதியும் களைப்பும் 2005-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் சேர்ந்தன. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, தூரத்துக்குக் கணக்கே இல்லாதது. களத்தின் மறுகோடியில் நிற்கும் படையும் நம் ஊர்க் கிடங்கிலிருந்தே சாப்பிடுகிறது. வண்டியும் இல்லை, பாதையும் இல்லை. 1632 கோடையில் நியூரம்பெர்க் அருகே குஸ்தாவ் அடால்ஃபும் பேரரசுப் படைத்தலைவர் வாலன்ஸ்டைனும் வாரக்கணக்கில் முகாமிட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இரு படைகளையும் தின்றது பசியும் நோயும். முப்பதாண்டுப் போரில் (1618–1648) நோயால் செத்த சிப்பாய்கள் சண்டையில் செத்தவர்களை விட அதிகம். விளையாட்டில் நோய் என்பதே கிடையாது. கிடங்குக் கணக்கை இவ்வளவு அக்கறையாகச் செய்தவர்கள் அந்தக் கிடங்கிலிருந்து முகாமுக்குப் போகும் பாதையை விட்டுவிட்டார்களே என்பது என் ஆதங்கம்.

தங்கள் நாளிதழில் வியூக விளையாட்டுகளைப் பற்றி எழுத இடம் ஒதுக்கினால், எழுதுபவர் ஒரு முழு ஆட்டத்தையாவது ஆடிவிட்டு, எந்த நிமிடத்தில் எந்தக் கணக்கு இறங்கியது, எந்த முடிவால் ஆட்டம் சாய்ந்தது என்று குறித்துத் தரட்டும். நாட்டின் பெயர், களத்தின் வகை, அமைதிக்காலம் எவ்வளவு, தொடக்க இருப்பு எவ்வளவு என்ற நான்கும் தலைப்புக்குக் கீழே இருந்தால் வாசகர் அதே ஆட்டத்தை வீட்டில் ஆடிப் பார்க்கலாம்.

சொற்களிலும் கவனம் வேண்டுகிறேன். அந்தக் காலத்துத் துப்பாக்கியை ‘ரைஃபிள்’ என்று எழுதக் கூடாது, அது மஸ்கட். ரைஃபிளின் குழாய்க்குள் சுருள் வரி உண்டு, மஸ்கட் குழாய் வழவழப்பானது. அதனால் குண்டு எங்கே போகும் என்று நிச்சயமில்லை. நிச்சயமில்லாததால்தான் தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள். சொல்லை மாற்றினால் அந்த வரிசைகள் ஏன் என்பதே புரியாமல் போகும். விளையாட்டின் பெயரையும் ‘கசாக்’ என்று அச்சிட வேண்டாம். கசாக் மக்கள் கசகஸ்தானைச் சேர்ந்தவர்கள். இங்கே பேசப்படுபவர்கள் தினீப்பர் ஆற்றின் பாறை அருவிகளுக்கு அப்பால் கோட்டை கட்டி வாழ்ந்து, 1648-இல் போடன் கெமெல்னித்ஸ்கி தலைமையில் போலந்து அரசை எதிர்த்து எழுந்தவர்கள். இரண்டு பெயரும் ஒரே துருக்கிய வேரிலிருந்து வந்தவைதான், ஆனால் மக்கள் வேறு. ‘கொசாக்’ என்று எழுதினால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்